தெளிக்காத செடி எங்கே?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மாடியில் பத்துத் தொட்டியிலும் கத்தரி காய்த்துத் தொங்குகிறது என்று படித்ததும் மனசு நிறைந்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததில் இன்னும் சந்தோஷம். இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

'எல்லாம் பஞ்சகவ்யம் செய்த வேலை' என்று எழுதியிருக்கிறாய். இருக்கலாம். ஆனால் பத்துக்கும் தெளித்துவிட்டாயே, தெளிக்காமல் விட்ட செடி எங்கே? இந்த வருஷம் நல்ல மழை என்றும் நீயேதான் எழுதியிருக்கிறாய். மழையால் வந்த காய் எது, பஞ்சகவ்யத்தால் வந்த காய் எது என்று எப்படிப் பிரிப்பாய்?

இவ்வளவு அழுத்திக் கேட்பதற்குக் காரணம் என் பிளஸ் ஒன் வகுப்பு. மோலின் அரை இலைச் சோதனை நினைவிருக்கிறதா, வெயிலில் இலை ஸ்டார்ச் செய்யக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும் என்று காட்டுவது? தொட்டிச் செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்து இலையில் உள்ள ஸ்டார்ச்சைத் தீர்த்துவிட்டு, ஓர் இலையின் பாதியை மட்டும் பிளந்த தக்கை வழியாகப் பாட்டிலுக்குள் நுழைத்து வெயிலில் வைப்போம். பாட்டிலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் இருக்கும், அது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடும். சாயங்காலம் சூடான ஆல்கஹாலில் இலையின் பச்சையைப் போக்கி அயோடின் விட்டால், வெளியே இருந்த பாதி ஸ்டார்ச் இருப்பதால் கருநீலமாகும், உள்ளே இருந்தது பழுப்பாகவே நிற்கும். ஒரே இலை, ஒரே வெயில், ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல கண்ட்ரோல் உண்டா என்று 20 வருஷமாகச் சொல்லி வந்தேன். இந்த முறை பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "பாட்டிலுக்குள்ள அடைச்சு வெச்சதாலயே ஸ்டார்ச் வராம போயிருந்தா, சார்?" என்றாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவள் கேட்டது நியாயம். உள்ளே இருந்த பாதிக்குச் சூடும் புழுக்கமும்கூட வேறுதானே? அடுத்த வாரம் அதே அளவு பாட்டிலில் வெறும் தண்ணீர் ஊற்றி வைத்தோம். நிறம் மங்கலாகத்தான் வந்தது. அடைபட்ட காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம் தண்ணீரில் ஆப்ப சோடா கரைத்து வைத்தோம். அந்தப் பெண்ணே அயோடின் விட்டாள். உள்ளே இருந்த பாதியிலும் சொட்டு விழுந்த இடத்திலிருந்து கருமை பரவுவதை வகுப்பே குனிந்து பார்த்தது.

1668-இல் இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடிக்கும் இப்படி ஒரு சந்தேகம்தான் வந்தது. அழுகும் இறைச்சியில் புழு தானாகப் பிறக்கிறது என்று பலரும் நம்பிய காலம். சில குடுவைகளைத் திறந்தும் சிலவற்றை மூடியும் வைத்தார். மூடியதில் புழு இல்லை. காற்றுப் போகாததால் வரவில்லையோ என்று அவரே கேட்டுக்கொண்டு, காற்றுப் போகும், ஈ போகாத மெல்லிய துணியால் மூடிப் பார்த்தார். அப்போதும் இறைச்சியில் புழு இல்லை. எனக்கு அந்த இரண்டாவது சோதனைதான் பெரிது.

சரி, உன் கத்தரிக்கு வருகிறேன். அடுத்த பட்டத்தில் ஒரே பாக்கெட் விதை, ஒரே மண் கலவை. எந்த ஐந்து தொட்டிக்குத் தெளிப்பது என்று சீட்டுக் குலுக்கிப் போடு. இல்லாவிட்டால் செழிப்பான செடிக்கே கை போகும். மற்ற ஐந்தையும் சும்மா விடாதே. நீ 10 லிட்டர் தண்ணீரில் 300 மில்லி கலந்து தெளிக்கிற அதே நாளில், அதே அளவு வெறும் தண்ணீரை அவற்றின் இலை நனையத் தெளி. தூசியும் பூச்சியும் கழுவிப் போனதால்தான் செடி தேறியதோ என்று பிறகு யாரும் கேட்க முடியாது. தொட்டிகளைக் கலந்து வை, தண்ணீர் டேங்கின் நிழல் ஒரு பக்கம்தானே விழும். காயை எடை போடத் தங்கச்சியைக் கூப்பிடு. எது எந்தத் தொட்டிக் காய் என்று மட்டும் அவளிடம் சொல்லாதே.

முதல் பறிப்பின் எடையை எனக்கு எழுது. இரண்டும் சமமாக வந்தாலும் எழுது.

அன்புடன்,
சண்முகம்