சின்னக்குட்டிக்கு, உன் கால் விஷயமாக

சின்னக்குட்டி,

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டாய் என்று அம்மா சொன்னார். என்னிடம் நீ சொல்லவில்லை. சரி. போனை எடுக்க மாட்டாய், வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும். ஆனால் நான் இங்கே எழுதுவதை மட்டும் விடாமல் படிக்கிறாய். போன மாதம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவது பற்றி எழுதியதில் பிழை இருக்கிறது என்று அம்மாவிடம் நீ சொன்னதும் என் காதுக்கு வந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஊரே பார்க்கும், பார்க்கட்டும். சித்தி வீட்டிலும் பார்ப்பார்கள். ஆகவே காசு விஷயமும் அப்பா விஷயமும் இதில் வராது.

உன் நோயின் பெயரை அம்மா எனக்குச் சொன்னது இப்படி: "அவ காலுல பனியன் வளந்திருக்காம்." நான் சிரித்துவிட்டேன். பெருவிரல் அடியில் எலும்பு புடைப்பதற்கு இங்கிலீஷில் bunion என்று பெயராம், போடுகிற பனியன் இல்லை. அப்புறம் நீ அனுப்பியிருந்த எக்ஸ்ரேயை அம்மாவின் போனில் பார்த்தேன். பெருவிரல் பக்கத்து விரலின் மேல் சாய்ந்து கிடக்க, அதன் அடி எலும்பு வெளியே புடைத்துக்கொண்டு நின்றது. "அக்காதான் ஹீல்ஸ் போட வச்சா" என்று நீ சொன்னதையும் அம்மா அப்போதுதான் சொன்னார். அம்மாவுக்கு எதையும் மறைக்கத் தெரியாது, உனக்குத் தெரியும்.

மூன்று வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். உன் காலுக்காகப் படிக்கத் தொடங்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் தப்பிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்றுதான் தேடினேன்.

கிடைத்தது. இந்தப் புடைப்பு பரம்பரையிலும் வரும். அப்பாயியின் காலை நினைத்துப் பார். ஆயுசுக்கும் செருப்புப் போடாத மனுஷி, அவருக்கும் பெருவிரல் உள்ளே மடங்கித்தானே இருந்தது? அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் இன்னொன்று கிடைத்தது. ஹீல்ஸ் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, 2016ல் பி.எம்.ஜே. ஓப்பன் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. ஹீல்ஸுக்கும் இந்த விரல் கோணலுக்கும் தொடர்பு தெரிகிறது, வலிக்கும் தொடர்பு தெரிகிறது, விழுந்து அடிபடுவதற்கும் தெரிகிறது என்கிறார்கள். முழங்கால் தேய்மானத்துக்கு மட்டும் சான்று முடிவாக இல்லையாம். அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டேன், ஏனென்றால் உனக்கு முழங்காலிலும் வலி. ஆனால் 1998ல் லான்செட்டில் வந்த ஒரு ஆய்வில் 20 பெண்களை ஹீல்ஸோடு நடக்கவிட்டு அளந்திருக்கிறார்கள். முழங்காலின் உள்பக்கத்தில் அழுத்தம் சராசரியாக 23 சதவீதம் கூடியிருந்தது. அழுத்தம் கூடுவது வேறு, மூட்டு தேய்வது வேறு என்று தனியாக உட்கார்ந்து வாதாடினேன். என்னை விசாரிக்க யாரும் வரவில்லை. ஆனாலும் வாதாடினேன்.

சரி, அம்மாவின் முழங்காலுக்கு யார் பொறுப்பு? அவர் ஒரு நாளாவது ஹீல்ஸ் போட்டாரா? வெறுங்காலோடு ஏறி இறங்கிய மலையும், தலையில் மாட்டிய கொழுந்துக் கூடையும் அந்த முழங்காலைத் தின்றுவிட்டன. அதை யாரும் என் கணக்கில் எழுதவில்லை. உன் கால் மட்டும் என் கணக்கில்.

ஆனால் 2010ல் வந்த ஒரு ஆய்வைப் படித்த பிறகுதான் உனக்கு எழுத வேண்டும் என்றே தோன்றியது. ஐந்து சென்டிமீற்றருக்குக் குறையாத குதி, வாரத்தில் ஐந்து நாளாவது, இரண்டு வருடத்துக்கு மேல். அப்படிப் போட்ட பெண்களின் கெண்டைக்காலை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். தசை இழைகள் கிட்டத்தட்ட 13 சதவீதம் குறுகியிருந்தன. குதிகாலுக்கு மேலே ஓடும் பெரிய நரம்பு (நாம் நரம்பு என்கிறோம், அது தசைநாண்) தடித்து விறைத்துப் போயிருந்தது. குதி தூக்கியே இருந்தால் கெண்டைக்கால் அந்த நீளத்துக்கே பழகிவிடுகிறது. அப்புறம் பாதம் தட்டையாகத் தரையில் பட்டால் இழுக்கிறது. அதனால்தான் ஹீல்ஸைக் கழற்றினால் வலிக்கிறது என்கிறார்கள் சில பெண்கள்.

"செருப்புல நடந்தாத்தான்க்கா வலிக்குது" என்று ஒரு சித்திரை வருஷத்துக்கு வந்தபோது சொன்னாயே. அதற்கு நான் சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது. "கொழும்புக்குப் போனதும் வெறுங்காலு மறந்துபோச்சா மகாராணிக்கு?" கிணற்றடியில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

அந்தச் சிரிப்பை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று இரண்டு நாளாக யோசித்தேன். படிக்கட்டில் பார்த்தது. 2012 தைப்பொங்கல்.

நீ வேலைக்குப் போய் இரண்டு மாதம். ஹட்டன் ஸ்டேஷனில் உன்னை இறக்கிக் கூட்டி வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கினாய். கோயிலடியில் இறங்கியபோது மூட்டம் இறங்கிவிட்டது, ஐந்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. ரோட்டில் இருந்து நம் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, போகும் படிகளின் தலைப்பில் நின்று, பையைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஹீல்ஸைக் கழற்றிக் கையில் எடுத்தாய். குதிகாலுக்கு மேலே சப்பாத்து உரசிய இடத்தில் தோல் போய் ரத்தம் காய்ந்திருந்தது. புதிதாகவும் கசிந்தது. அந்தக் குளிர்ந்த கல்லில் பாதத்தை வைத்து "ஆ..." என்றாய் பார், வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது விடும் மூச்சு மாதிரி.

கீழே மூட்டத்துக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. சாயந்தரம் கொழுந்தை எடை போட்டுவிட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: "போடு."

"வலிக்குதுக்கா. வீட்டு வாசல் வரைக்குந்தானே."

"அந்த வாசல்லதான்டி எல்லாரும் நிப்பாங்க. போடு."

போட்டாய். நூற்றுச் சொச்சம் படி, எல்லாம் இறக்கம். சமதரையிலேயே குதி உயர உயர உடம்பின் பாரம் முன்பாதத்துக்குப் போகிறது. இறக்கத்தில் கேட்கவே வேண்டாம், பாதம் வழுக்கி முன்னே போய், ஐந்து விரலும் அந்தக் கூர்முனைக்குள் இடித்துக்கொள்ளும். அதெல்லாம் இப்போது படித்ததுதான். அன்று நான் பார்த்தது உன் முதுகை மட்டும். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாய். பாதி வழியில் இடது குதி கல் இடுக்கில் மாட்டி ஆடிப்போனது. லயத்து முகப்பு வந்ததும் என் தோளில் இருந்து கையை எடுத்துவிட்டாய். பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) வேலை செய்த அக்கா "யாரு, நம்ம புள்ளையா இது!" என்று வாயில் கை வைத்தார். நீ சிரித்தாய். நானும் பக்கத்தில் நின்று பெருமைப்பட்டேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, நிஜமாகவே பெருமைப்பட்டேன்.

ஏன் என்று உனக்குத் தெரியாது. உனக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் நான் கொழும்பில் ஒரு நேர்முகத்துக்குப் போனேனே, கிடைக்கவில்லை என்று மட்டும் வந்து சொன்னேனே. அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த பெண் என் சேர்ட்டிஃபிக்கேட்டைப் பார்ப்பதற்கு முன் மேசைக்குக் கீழே பார்த்தார். பாட்டா செருப்பு, குதிகால் வெடிப்பு, வெடிப்புக்குள் எவ்வளவு தேய்த்தாலும் போகாத செம்மண். "எஸ்டேட்டா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்தக் கேள்வி உன் காலைப் பார்த்து வரக்கூடாது என்று நினைத்தேன். மூன்று அங்குலம் உயர்த்தினால் வராது என்று நினைத்தேன். இதைச் சாக்கு என்று நீ சொல்லலாம். சாக்குத்தான். அதே நேரம் உண்மையும்தான்.

அப்புறம் பதினோரு வருடம் நீயே வாங்கிப் போட்டாய் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நீ வேலை செய்த கடையில் கேட்டார்கள், மூன்று அங்குலம், கறுப்பு, உட்காரக் கூடாது. தெரியும். கவுண்டருக்கு அடியில் செருப்பை ஒளித்து வைத்திருந்து, மெனேஜர் மேல்மாடிக்குப் போனதும் மாற்றிக்கொள்வீர்கள் என்று சொல்லியிருக்கிறாய். 2015 டிசம்பரில் லண்டனில் நிக்கோலா தோர்ப் என்ற பெண், வரவேற்பு மேசை வேலைக்குத் தட்டைச் சப்பாத்தோடு போனதற்காக முதல் நாளே சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள், பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தது. 2017ல் பிலிப்பைன்ஸ் அரசு, கடைகளில் நிற்கும் பெண்களைக் கட்டாயப்படுத்தி ஹீல்ஸ் போட வைக்கக் கூடாது என்று உத்தரவே போட்டது. இதைப் படித்தபோது உன் மேல் கோபம் வந்தது. நீ ஒரு தரமாவது முடியாது என்று சொன்னாயா? அப்புறம் நினைத்தேன், படிக்கட்டில் ஒரு தரம் சொல்லித்தான் பார்த்தாய்.

அம்மா விழுந்த வருடம் நான் ஆறு மாதம் அவரைத் தூக்கி உட்கார வைத்தேன். அப்போது நீ வரவில்லை. லீவு இல்லை, சம்பளம் அனுப்பினாய், சரி. அந்தச் சம்பளத்தில்தான் பின்பக்கத்துக் காம்பரா எழுந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். எனக்கும் இடுப்பு வலிக்கிறது, அதற்கு எக்ஸ்ரே எடுக்க யாரும் சொல்லவில்லை. இதை இத்தோடு விடுகிறேன்.

ஆபரேஷன் முடிந்ததும் போர்டிங் ரூமுக்குப் போகிறேன் என்றாயாம். இரண்டாம் மாடிக்கு எப்படி ஏறுவாய்? ஆறு வாரத்துக்காவது காலைப் பார்த்துப் பார்த்துத்தான் ஊன்ற வேண்டியிருக்கும், வீக்கம் வடிய மாதக்கணக்காகும். டாக்டரிடம் கெண்டைக்காலையும் காட்டு. ஹீல்ஸை ஒரேயடியாக விட்டுவிட்டுத் தட்டைச் செருப்புக்குப் போகாதே, கொஞ்சம் கொஞ்சமாகக் குதியை இறக்கு, தசையை இழுத்துப் பழக்கும் பயிற்சியைக் கேட்டு வாங்கு. இனி சப்பாத்து வாங்கினால் சாயந்தரத்தில் வாங்கு, கால் லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு சரியாகத் தெரியும். ஒரு தாளில் நின்று பாதத்தைச் சுற்றி வரைந்து, அதைக் கடைக்குக் கொண்டுபோ. சப்பாத்து அந்தக் கோட்டைவிட ஒடுக்கமாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடு.

அளவு என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். கடைசி வரை தள்ளித் தள்ளிப் போட்டேன்.

அந்த முதல் சோடியை ஹட்டனில் நான்தான் வாங்கினேன், நீ கூட வரவில்லை. அம்மாவின் தீபாவளி முற்பணத்தில் இருந்து 1,850 ரூபா. அப்போது எல்லாம் சேர்த்தும் நாட்சம்பளம் 515 ரூபா, ஏறக்குறைய நாலு நாள் கொழுந்து. உன் கால் ஆறாம் நம்பர். கடையில் ஆறில் இருந்ததெல்லாம் விலை கூட. இந்தச் சோடியில் ஐந்துதான் மிச்சம் இருந்தது. எனக்குத் தெரிந்துதான் எடுத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் நம்பர் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிவிட்டேன். "போடப் போடத் தளந்துரும்" என்று உன்னிடம் சொன்னேன்.

அது இன்னும் அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில், பழைய பேப்பரில் சுற்றி, ஆடும் குதியோடு அப்படியே இருக்கிறது. நேற்று எடுத்துத் தூக்கி எறியப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "மாசா மாசம் கழிச்ச காசுடி அது" என்றார். திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். எறிவதா வைப்பதா என்று நீ சொல்லு, அம்மாவிடம் சொன்னாலும் போதும்.

அக்கா