பிள்ளைகளின் மன உறுதியைக் குறை சொல்லும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த நீச்சல் கட்டுரையில், கூரையில்லாத குளத்தில் பின்தங்குகிறவர்களுக்கு மன உறுதி போதவில்லை, வெயிலும் காற்றும் வெறும் சாக்கு என்று ஒரு வரி இருந்தது. என் மகள் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாள். அவள் பேக்ஸ்ட்ரோக், அதாவது மல்லாந்தபடி நீந்துகிறவள்.

பேக்ஸ்ட்ரோக்கில் கூரை எவ்வளவு பெரிய துணை என்பது தாங்கள் அறியாததல்ல. உள்ளரங்கில் உத்தரங்களைப் பார்த்துக்கொண்டே நேராகப் போகலாம். வெளியில் வானம் மட்டுமே. முற்பகலில் ஹீட்ஸ் எனப்படும் தகுதிச் சுற்று என்றால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். சற்றே விலகினாலும் கை லேன் கயிற்றில் மோதும். சுவருக்கு 5 மீட்டர் முன்னால் தொங்கும் கொடிகள் கண்ணில் படும்வரை எவ்வளவு தூரம் மிச்சம் என்றே தெரியாது. இதில் மன உறுதியைக் குறை சொல்லி என்ன பயன்?

உள்ளரங்கம்தான் உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. காற்றோட்டம் இல்லாத அரங்கில், குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உண்டாகும் குளோரமின் நீர்மட்டத்துக்கு மேலேயே தேங்கி நிற்கும். பிள்ளைகள் மூச்சை இழுப்பதும் அங்கேதான். அப்படிப்பட்ட போட்டிகளுக்குப் பிறகு இரவெல்லாம் இருமுகிற மகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே நாங்கள் எழுப்பும் குரல் சுவர்களில் பட்டுத் திரும்பி, கடைசி 15 மீட்டரில் அவளைத் தள்ளிக்கொண்டு போகிறது. வெளியில் அந்தக் குரல் காற்றோடு போய்விடும். அதனால் அவளுடைய பயிற்சியாளர் திறந்தவெளியில் கடிகாரத்தை மறந்துவிடச் சொல்கிறார். கொடியிலிருந்து சுவர் வரை எத்தனை கைவீச்சு, பக்கத்து லேனில் இருப்பவள் எங்கே, இவை மட்டும் போதும் என்கிறார். உள்ளே சொந்த நேரத்தை வெல்லப் போராட வேண்டும்; வெளியே போட்டியாக நீந்துகிறவளை. தங்கள் கட்டுரையாளர் இதையல்லவா எழுதியிருக்க வேண்டும்!

திறந்த வானம் யாரையும் முடக்குவதில்லை. 2021 ஜூனில் ரோம் நகரின் திறந்தவெளிக் குளத்தில்தான் நம் பெங்களூருப் பிள்ளை ஸ்ரீஹரி நடராஜ் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கை 53.77 நொடியில் நீந்தி டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி தரும் 'ஏ' நேரத்துக்குள் வந்தார். பிள்ளைகளின் ஊக்கம் வடிந்துபோவது குளத்துக்கு வெளியே. இந்த நகரில் நடந்த ஒரு போட்டியில் சிறப்பு விருந்தினருக்காக ஹீட்ஸைத் தள்ளிக்கொண்டே போனார்கள். மேடைக்குப் பந்தல் இருந்தது; ஈர உடையோடு நின்ற சிறுமிகளுக்கு நிழல் இல்லை. டிசம்பர் காலைகளிலோ ஹீட்ஸுக்கும் இறுதிப் போட்டிக்கும் நடுவே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதையெல்லாம் கேட்க எந்த நிருபரும் வந்ததில்லை.

என் தந்தை காலத்திலிருந்து அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வருவது தங்கள் நாளிதழ். ஒவ்வொரு ஏப்ரலிலும் குளத்தில் குதித்து விளையாடும் சிறுவர்களின் படம் பெரிதாக வருகிறது. அதே வாரத்தில் பதக்கம் வென்ற பிள்ளைகளுக்கு ஒரு வரியும் கிடைப்பதில்லை. போட்டி முடிவுகளை நானே தட்டச்சு செய்து அனுப்பிப் பார்த்தேன். கிடைத்தது என்ற பதில்கூட இல்லை. கிரிக்கெட்டுக்கு முழுப் பக்கம் தருவதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளைப் பற்றி எழுதக் கிடைத்த ஒரே நாளில் அவர்களை மன உறுதி இல்லாதவர்கள் என்று எழுதியதுதான் தாங்கவில்லை.

மறுப்போ வருத்தமோ வெளியிடும்படி நான் கேட்கவில்லை. இனி நீச்சல் முடிவுகளை வெளியிடும்போது அது கூரையுள்ள குளமா திறந்தவெளியா, 25 மீட்டரா 50 மீட்டரா என்பதையும் நேரத்துக்குப் பக்கத்தில் சேர்த்துப் போடுங்கள். அரை வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஒரு நீச்சல் வீராங்கனையின் தாய்,
அல்சூர், பெங்களூரு