‘வாங்கு’ என்ற பொத்தானை நம்பலாமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். காசு கொடுத்துப் பதிவிறக்கிய கேம் வாங்கியவருக்கே சொந்தம் என்று தங்கள் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அதைத் திருத்தவே இக்கடிதம்.

கணினி கேம்களை இணையம் வழியே தரும் ஸ்டீம் தளத்தின் ஒப்பந்தத்தைப் படித்தால், அங்கு கேம் விற்கப்படுவதில்லை, ஆடுவதற்கான உரிமம்தான் தரப்படுகிறது என்று தெளிவாகவே இருக்கிறது. அதை மறுவிற்பனை செய்ய முடியாது. கணக்கையும் இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. பாரிஸ் நீதிமன்றம் ஒன்று 2019இல் மறுவிற்பனைக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 2022இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது.

பதிவிறக்காமல், டிவிடி போன்ற வட்டாக வாங்கினால் கவலையில்லை என்பார்கள். அதுவும் பாதி உண்மைதான். 2014இல் வந்த யுபிசாஃப்டின் ‘தி க்ரூ’ கேமைத் தனியாக ஆடவும் நிறுவனத்தின் சர்வர் தேவைப்பட்டது. 2024 மார்ச் 31 அன்று சர்வர் நின்றதும், வட்டு வைத்திருந்தவர்களாலும் ஆட முடியவில்லை. ஆகவே கேம் எதில் வந்தது என்பதைவிட, திறக்கும்போது அது யாரிடம் அனுமதி கேட்கிறது என்பதுதான் முக்கியம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஸ்டீமை முழுவதும் மூடி, இணையத்தைத் துண்டித்து, கேம் இருக்கும் ஃபோல்டருக்குள் போய் அதன் இயங்கு கோப்பை (.exe) நேரடியாகத் திறந்து பாருங்கள். ஓடினால், அந்த ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து வைக்கலாம். ஆடியவரை சேமித்து வைக்கும் சேவ் கோப்புகள் பெரும்பாலும் வேறு ஃபோல்டரில் இருக்கும்; அவற்றையும் நகலெடுக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். புதிய கணினியில் திறக்க மறுத்தால், விஷுவல் சி பிளஸ் பிளஸ், டைரக்ட்எக்ஸ் போன்ற துணை மென்பொருள்கள் அதில் இல்லாமல் இருக்கலாம். இணையமில்லாமல் ஸ்டீம் வழியாகவே ஆடும் ஆஃப்லைன் முறை வேறு விஷயம். முதலில் இணையத்தோடு உள்நுழைந்து, அப்டேட்டுகளை முடித்து, கேமை ஒருமுறை திறந்த பிறகே அது ஒழுங்காக வேலை செய்யும். டெனுவோ என்ற நகல் தடுப்புப் பூட்டு உள்ள கேம்கள், பிராசஸர் போன்ற முக்கியப் பாகம் மாறினால் மறுபடியும் இணைய அனுமதி கேட்கும்.

ஸ்டீம் போன்ற இன்னொரு தளமான ஜிஓஜி, கேமை நிறுவும் கோப்பான தனி இன்ஸ்டாலரையே தருகிறது. எனக்குத் தெரிந்து சொந்தம் என்பதற்கு மிக அருகில் வருவது அதுதான். பெரிய கேம் என்றால் அது 4 ஜிபி வரையிலான பல துண்டுகளாக வரும். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நிறுவல் பாதியில் நின்றுவிடும். இரண்டு டிஸ்க்குகளில் வைத்து, ஒருமுறை நிறுவியும் பார்த்துவிடுங்கள்.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், உரிமம் மட்டுமே தருபவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. இந்தச் சட்டம் நல்லதுதான், ஆனால் போதாது. சர்வர் இல்லாமல் ஓடுமா, எந்த ஆண்டு வரை சர்வர் உறுதி என்பதை விலைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். சர்வரை மூடும்போது, அனுமதி கேட்கும் பகுதியை நீக்கிய கடைசி அப்டேட் ஒன்றை, வாங்கிய எல்லோருக்கும் தந்துவிட்டே மூட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்