ஒயில் கூடி நிற்குது என்று எழுதியிருந்தாய்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மாமியின் முழங்கால், சின்னவளின் சோதனை முடிவு, மாஸ்டர் வீட்டுக் கலியாணம் எல்லாம் வாசித்தேன். கலியாணத்துக்கு நாங்கள் வருவோம், சொல்லிவிடு. மற்றவற்றுக்குப் பிறகு ஆறுதலாக எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தில் ஸ்னோ தள்ளுகிற உன் நாலு சில்லு வண்டி, அந்த ஏடிவியைப் பற்றி எழுதியிருக்கிறாயே, "காலமையில ஸ்ராட் பண்ணக் கஷ்டம்தான், ஆனால் நல்ல எஞ்சின், ஒரு சொட்டு ஒயில் குடிக்காது, போன மாசத்தை விடக் கூடித்தான் நிற்குது" என்று. அதற்காகத்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

ஒயில் தானாகக் கூடாது மச்சான். அதில் கூடியிருப்பது பெற்றோல், கொஞ்சம் தண்ணீரும் இருக்கும்.

கனடாச் சட்பரிக் குளிரில் சோக்கை, அதாவது குளிரில் பெற்றோல் கலவையைக் கூட்டுகிற குமிழை, இழுத்து ஸ்ராட் பண்ணும்போது உள்ளே போகிற பெற்றோலில் பாதி கூட ஆவியாகாது. குளிர்ந்த சிலிண்டர் சுவரில் ஈரமாகப் படிந்து, பிஸ்டன் றிங்குகளைத் தாண்டிக் கீழே ஒயிலுக்குள் வழியும். தண்ணீரின் கதையும் இதுதான். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் நீராவியாக வரும். பெரும்பகுதி சைலன்சரால் போய்விடும், றிங்குகளைத் தாண்டுகிற கொஞ்சம் குளிர்ந்த எஞ்சின் கூட்டுக்குள் வியர்த்து நிற்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறி அரை மணித்தியாலமாவது ஓடினால் இரண்டும் ஆவியாகி எஞ்சின் கூட்டின் மூச்சுக் குழாயால் வெளியேறும். நீயோ வாசல் ஸ்னோவைப் பத்து நிமிசம் தள்ளிவிட்டு நிற்பாட்டுகிறாய். அடுத்த நாள் மறுபடி சோக், மறுபடி பத்து நிமிசம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சேர்கிறது, எதுவும் வெளியே போவதில்லை.

ஒயில் அளக்கிற கம்பியை இழுத்து மணந்து பார். பெற்றோல் மணந்தாலோ, ஒயில் ஊற்றும் மூடியின் உட்பக்கத்தில் வெள்ளையாகக் களிம்பு பிடித்திருந்தாலோ அந்த ஒயிலோடு இனி ஓடாதே. இன்னொரு காரணமும் இருக்கலாம். பெற்றோலைக் காற்றோடு கலக்கிற காபரேற்றரில், கிண்ணம் நிறைந்ததும் பெற்றோலை மறிக்கிற மிதவை ஊசி சரியாக மூடாவிட்டால் வண்டி சும்மா நிற்கும்போதே பெற்றோல் எஞ்சினுக்குள் இறங்கும். ஒரு நாள் இரவு பெற்றோல் குழாயைப் பூட்டிவிட்டு, மறுநாள் இரவு திறந்துவிட்டு, இரண்டு காலையும் கம்பியைப் பார். திறந்த இரவில் மட்டும் மட்டம் ஏறினால் ஊசிதான் பிழை. எப்படியிருந்தாலும் இரவில் அந்தக் குழாயைப் பூட்டுவதைப் பழக்கமாக்கு.

ஒயிலை உடனே மாற்று. நீ ஊற்றியிருக்கிற 10டபிள்யூ-40 மைனஸ் 25 பாகை வரைக்கும் எஞ்சினைச் சுற்றவிடும் என்று சோதித்த ஒயில். 5டபிள்யூ மைனஸ் 30 வரை, 0டபிள்யூ மைனஸ் 35 வரை. உங்கள் ஊர் இரவுக்கு 0டபிள்யூ-40 எடு. போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்று இருக்கவேண்டும், ஒயிலுக்குள் சுழலும் கிளச்சுக்கு ஏற்றது என்ற குறி அது, ஏனென்றால் உன் வண்டியின் கிளச் தட்டுகளும் அதே ஒயிலுக்குள்தான் சுழல்கின்றன. காருக்கு விற்கிற எரிபொருள் சிக்கன ஒயிலை ஊற்றினால் கிளச் வழுக்கத் தொடங்கும். குளிர் நேரம் கியர் போட்டவுடன் எஞ்சின் செத்துப்போகிறது என்கிறாயே, அதுவும் இந்த ஒயிலால்தான். குளிரில் தடித்த ஒயில் கிளச் தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி இழுக்கிறது. மூச்சுக் குழாயையும் கழற்றிப் பார். தாழ்வாக வளைந்த இடத்தில் தண்ணீர் உறைந்து அடைத்தால் உள்ளே அமுக்கம் ஏறி ஒயில் சீலைத் தள்ளிவிடும்.

இனி ஸ்ராட்டிங். சூடாக இருக்கும்போது ஒரே தட்டில் பிடிக்கிறது, குளிர்ந்தால்தான் மறுக்கிறது என்கிறாய். அப்படியென்றால் காபரேற்றரை மூன்றாம் முறை கழற்றாதே, வால்வு இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அமுக்குகிற றொக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார். வால்வு நாளடைவில் இருக்கைக்குள் இறங்க இறங்க இடைவெளி குறையும். உன்னுடையது தள்ளுகோல் எஞ்சின், கீழேயிருந்து ஒரு நீண்ட கோல்தான் றொக்கரைத் தள்ளும். அலுமினியச் சிலிண்டர் சூட்டில் இரும்புக் கோலை விடக் கூடுதலாக விரியும், அதனால் சூடேறினால் இடைவெளி கூடும், குளிர்ந்தால் குறையும். இறுகிய வால்வு குளிரில் முழுதாக மூடாது, அமுக்கம் கசியும், எஞ்சின் பிடிக்காது. சூடான பிறகு எல்லாம் நல்லாயிருக்கும். ஆட்கள் வருசக்கணக்காகப் பிளக்கையும் பற்றரியையும் மாற்றுவது இதைத் தெரியாமல்தான். எஞ்சின் ஓடாமல் ஓர் இரவு கிடக்கவேண்டும். காலையில் பிஸ்டனை அமுக்க அடியின் உச்சிக்கு, இரண்டு வால்வும் மூடியிருக்கிற இடத்துக்கு, கொண்டுவா. இரண்டு றொக்கரும் கையில் ஆடவேண்டும், ஆடாவிட்டால் இன்னொரு சுற்றுச் சுற்று. பிறகு இடைவெளித் தகட்டை விட்டுப் பார். இந்த மாதிரி எஞ்சின்களில் பெரும்பாலும் 0.10 முதல் 0.15 மில்லிமீற்றர் வரை வரும், ஆனால் உன் வண்டிக் கையேட்டில் உள்ள எண்தான் கணக்கு.

சோக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். உன் காபரேற்றரில் இருப்பது காற்றை மறைக்கிற தட்டு இல்லை, தனி வழியால் கூடுதல் பெற்றோல் விடுகிற ஊசி. எஞ்சின் உறிஞ்சுகிற வேகத்தில்தான் அந்தப் பெற்றோல் மேலே வரும். நீ கட்டைவிரலால் அக்சிலேற்றரைத் தள்ளினால் உறிஞ்சல் விழுந்து சோக் வேலை செய்யாது. அக்சிலேற்றரில் கை வைக்காமல் சோக்கை முழுக்க இழுத்து, ஐந்து ஆறு செக்கன் மட்டும் ஸ்ராட்டரைச் சுற்று. பிடிக்காவிட்டால் அரை நிமிசம் விட்டுத் திரும்பப் பண்ணு. பொறுமையில்லாமல் நீ இழுத்த இழுவையை மாஸ்டருடைய வாட்டர் பம்ப் இன்னும் மறந்திருக்காது! பெற்றோல் மணம் அடித்தால் பிளக் நனைந்துவிட்டது, சோக்கை முழுக்க உள்ளே தள்ளி அக்சிலேற்றரை முழுக்கத் திறந்து சுற்று. ஈதர் ஸ்பிறே மட்டும் அடிக்காதே. சிலிண்டர் சுவரில் இருக்கிற கொஞ்ச ஒயிலையும் கழுவிவிடும், கூடினால் பிஸ்டனையே உடைக்கும்.

பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற் காட்டவேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, அந்தக் குளிரில் அந்தப் பாதியும் சரியாக வராது. முழுக்க இறங்கிய பற்றரி மைனஸ் 10 பாகையளவிலேயே உறைந்துவிடும். பக்கம் வீங்கியிருந்தால் சார்ஜரில் போடாதே, வெடிக்கக்கூடும். டாங்கில் ஒக்ரோபருக்கு முந்திய பெற்றோல் இருந்தால் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்று, குளிர்காலத்துக்கு விற்பது இலகுவாக ஆவியாகிறது. காபரேற்றர் கிண்ணத்தின் அடித் திருகாணியைத் தளர்த்தித் தண்ணீர் இருக்கிறதா என்றும் பார். கராஜில் கரண்ட் இருக்கிறதுதானே, ஒயில் தொட்டிக்குக் கீழே ஒட்டுகிற சூட்டுத் தகடு ஒன்று வாங்கிப் போடு. ஓடுவதற்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன் செருகிவிட்டால் மேலே எழுதியதில் பாதித் தொல்லை இருக்காது.

சூடாக்குகிறேன் என்று இருபது நிமிசம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவது வேண்டாம். அது சூடேறாமல் பெற்றோலைத்தான் ஒயிலுக்குள் சேர்க்கும். பிடித்தபின் இரண்டு மூன்று நிமிசம் போதும். சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, மெதுவாக ஓட்டியபடி சூடாக்கு. வாசலை முடித்தபின் பின்வளவையும் ஒரு சுற்றுத் தள்ளு, பக்கத்து வீட்டுக் கிழவிக்கும் தள்ளிக்கொடு. அரை மணித்தியாலம் ஓடினால்தான் எஞ்சினுக்குச் சுகம்.

ஒன்று கேட்கவேண்டும். ஸ்ராட் பண்ணுகிறது கராஜுக்குள்ளேயா? கதவைப் பூட்டிக்கொண்டா? குளிர் உள்ளே வரும் என்று கதவை அரைவாசி இறக்குகிற ஆள் நீ. சோக்கில் ஓடுகிற எஞ்சின் கக்குகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உன் கராஜுக்கு மேலேதான் சின்னவளின் அறை. கதவைத் திறந்தாலும் போதாது. வண்டியைக் கையால் வெளியே தள்ளிவிட்டு அங்கே ஸ்ராட் பண்ணு. மேல் மாடியிலும் கீழேயும் எச்சரிக்கை மணி வேலை செய்கிறதா என்று கடிதத்தை வைத்துவிட்டு இப்போதே அமத்திப் பார்.

அடுத்த கடிதத்தில் எனக்கு மூன்று விசயம் வேண்டும். ஓர் இரவு நின்ற பற்றரியின் வோல்ற், இரண்டு வால்வினதும் இடைவெளி, குழாய் பூட்டிய இரவிலும் திறந்த இரவிலும் ஒயில் எங்கே நின்றது. அதைப் பார்த்துவிட்டு ஊசி மாற்றுவதா என்று சொல்கிறேன். மாமிக்கு இரண்டு வரி தனியாக வைத்திருக்கிறேன், கொடுத்துவிடு.

அன்புடன்,
குட்டி