மெஷின் வந்தால் போதாது, அளவைப் பார்க்க ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் சலரோகம் (நீரிழிவு), பிரஷர், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களை வீட்டிலிருந்தபடியே கண்காணிக்கலாம் என்று ஊர்ச் சங்கங்களும் வெளிநாட்டு உறவுகளும் பிரஷர் மெஷின், இரத்தத்தில் சீனி பார்க்கும் குளுக்கோமீற்றர் எல்லாம் வாங்கித் தர முன்வருகிறார்கள். நல்ல காரியம்தான். துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ உள்ளவர் ஒருநாள் கூலியை விட்டுத்தான் கிளினிக் வர வேண்டும். வந்தாலும் மாதத்துக்கு ஒரேயொரு அளவுதான் கொப்பியில் ஏறும். ஆனால் வீட்டில் எடுத்து கிளினிக்குக்கு அனுப்பும் அளவுகளை யார், எத்தனை மணிக்குப் பார்ப்பது என்பதை மெஷின் வாங்க முன்பே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். ஒரு தாதிக்குக் காலையில் அதற்கென்று நேரம் ஒதுக்காமல், "நேரம் கிடைக்கும்போது பாருங்கோ" என்று விட்டால் யாரும் பார்க்கப் போவதில்லை.

அடுத்தது அலகு. கனடாவிலும் இங்கிலாந்திலும் விற்கும் மீற்றர்கள் சீனியை மில்லிமோலில் காட்டும். இங்கே கிளினிக்கில் பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கு. 18 ஆல் பெருக்கினால்தான் இரண்டும் ஒத்துவரும்: அங்கத்தைய 12, இங்கே 216. வெறும் 12 என்று அனுப்பினால் யாராவது திடுக்கிட்டுக் கேட்பார்கள், பிழை பிடிபடும். 7.2 இல் புள்ளி விடுபட்டு 72 என்று பதிவானால்தான் மோசம். 130 உள்ளவர் 72 ஆகிவிடுவார், ஒருவருக்கும் சந்தேகம் வராது. இவற்றில் பல மீற்றர்களில் அலகை மாற்றவும் முடியாது. ஆகவே உள்ளூர் பார்மசியில் ஸ்ட்ரிப் கிடைக்கும் மீற்றரையே வாங்குங்கள், அதுவும் எல்லோருக்கும் ஒரே வகை. பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளை 30 பாகை செல்சியசுக்கு மேல் வைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அலுமாரியில் வைத்தால் அந்த அளவை நம்ப முடியாது. குளிர்சாதனப் பெட்டியும் சரிவராது, ஈரம் பிடிக்கும். மூடியை இறுக்கி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்தால் போதும். மாம்பழம் வெட்டிய கையைக் கழுவாமல் குத்தினாலும் சீனி கூடத்தான் காட்டும்.

பிரஷர் பார்க்க முன் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, கால்களை நிலத்தில் ஊன்றி, பேசாமல் இருக்க வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, காலையும் மாலையும், ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மிகுதிக்குச் சராசரி எடுத்தால், 135/85 அல்லது அதற்கு மேல் இருப்பது உயர்வு. மெஷினோடு வரும் கைப்பட்டி பெரும்பாலும் 22 முதல் 32 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள கைக்கானது. பருத்த கைக்கு அதையே கட்டினால் இல்லாத பிரஷரையும் காட்டும். டயலிசிஸுக்காக நாளம் இணைத்த கையில் பட்டி கட்டவே கூடாது.

போரில் கால் இழந்தவர்கள் நிறைந்த மண் இது. இதயப் பலவீனம் உள்ளவருக்கு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் நிறை கூடினால் உடலில் நீர் தேங்குகிறது என்று எடுக்க வேண்டும். ஒருநாள் செயற்கைக் காலோடும் மறுநாள் அது இல்லாமலும் நிறுத்தால் இந்தக் கணக்கே பிழைத்துவிடும். எப்படி நிறுப்பது என்பதைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிவிடுங்கள். தராசும் சீமெந்துத் தரையில் இருக்க வேண்டும். பாயிலோ மண் தரையிலோ வைத்தால் சரியாகக் காட்டாது.

சிக்னல் குறைந்த குடியிருப்புகளுக்கு ஸ்மார்ட்போன் செயலியைவிட எஸ்எம்எஸ் நம்பகமானது. வாட்ஸ்அப் குழுவில் அளவு போடுவதை நிறுத்த வேண்டும், ஊரே பார்க்கும். பற்றரி மாற்றினால் பல மெஷின்களின் திகதி பழைய வருடத்துக்குப் போய்விடும். கணினி அந்தத் திகதிப்படி அடுக்கினால் இன்றைய 190, பட்டியலின் அடியில் ஒளிந்துகொள்ளும். வந்து சேர்ந்த நேரத்தையும் தனியாகப் பதிவது இதற்குத் தீர்வு. கணவனும் மனைவியும் ஒரே மெஷின் பாவிப்பதென்றால் அதில் இரண்டு ஆள் பொத்தான் இருக்க வேண்டும்.

எந்த அளவில் கிளினிக்கில் மணி அடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை எல்லையை எல்லோருக்கும் ஒன்றாக வைப்பது பெரும் பிழை. நாட்பட்ட சுவாச அடைப்பு நோயாளர் சிலருக்கு இரத்த ஒட்சிசன் 88 முதல் 92 வீதமே இலக்கு. அவருக்கு 94க்குக் கீழே மணி அடிக்க வைத்தால் நாள் முழுக்க அடிக்கும். இரண்டு கிழமையில் தாதி எல்லா மணியையும் கேட்காத மாதிரி இருக்கப் பழகிவிடுவார். எல்லையை வைத்தியர் ஆளுக்கு ஆள் எழுதட்டும். சீனி 70க்குக் கீழே போனால் யாருடைய அழைப்பையும் எதிர்பார்க்காமல் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். பிரஷர் 180/120 தாண்டி, நெஞ்சு நோவோ மூச்சுத் திணறலோ வாய் கோணலோ இருந்தால் உடனே 1990 அம்புலன்சை அழைக்க வேண்டும். இந்த இரண்டையும் தமிழில் அச்சடித்து மெஷினிலேயே ஒட்டுங்கள்.

அளவு வராமல் போவதும் ஒரு எச்சரிக்கைதான். மூன்று நாள் ஒன்றும் வராதவரின் பெயர் பட்டியலின் மேலே வர வேண்டும். காலபோக அறுவடை நேரத்தில் இந்தப் பட்டியல் நீளும். சிலர் சிம்மை மாற்றியிருப்பார்கள். ஆகவே பக்கத்து வீட்டு இலக்கம் ஒன்றும் வாங்கி வைப்பது நல்லது.

நோயாளி இறந்தாலோ இடம் மாறினாலோ மெஷின் திரும்பி வருவதற்கும் ஒரு பதிவேடு தேவை. பழைய பதிவுகளை அழித்து, பட்டியைத் துடைத்து, கணினியில் பெயர் மாற்றிய பிறகே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். இல்லையேல் முன்னையவரின் அளவுகளும் சேர்ந்த சராசரிக்குத்தான் புதியவருக்கு மருந்து எழுதப்படும்.

தொற்றா நோய்ச் சிகிச்சைப் பணியில் உள்ளோர்,
கிளிநொச்சி