13 கட்டம் போட்டுத் தந்தவருக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

என்ன நடந்தது என்பது இதைப் படிக்கிற பலருக்கும் தெரியும்: எங்கள் தொழிலில் கையில் பணம் இல்லாமல், பாக்கியும் சம்பளமும் கொடுக்க முடியாமல் திணறினோம். இப்போதுதான் மூச்சு விட முடிகிறது. சூட்டோடு சூடாக நன்றி சொல்லிவிடுகிறோம்.

தவணையைத் தள்ளிக் கொடுத்தவர்கள், சம்பளத்தை இரண்டு பங்காக வாங்கிக்கொண்டு முகம் சுளிக்காமல் வேலைக்கு வந்தவர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்: உங்களை நேரில் வந்து பார்ப்போம். இந்த மடல் பெரும்பாலும் ஒருவருக்கானது.

எங்களுக்குச் சரக்குக் கொடுத்தவரின் கணக்கர் அவர். பாக்கி கேட்கத்தான் வந்தார். கடிந்து பேச எல்லா உரிமையும் இருந்தது. "பெரிய தாள் ஒண்ணு இருக்கா? பென்சில் கொடுங்க. பேனா வேண்டாம், அழிச்சு அழிச்சு எழுதணும்" என்றார்.

தாளில் 13 கட்டம் போட்டார். கட்டத்துக்கு ஒரு வாரம், ஆக மூன்று மாதம். மேலே கையிலுள்ள ரொக்கம், அதன் கீழ் வரவு, பிறகு செலவு, அடியில் மிச்சம். இந்த வார மிச்சம்தான் அடுத்த வாரத் தொடக்கம்.

பிழை வருவது வரவில்தான். பில் போட்ட தேதியை எழுதக் கூடாது, பணம் கைக்கு வரும் தேதியை எழுத வேண்டும். 30 நாள் கெடுவில் வாங்கி வழக்கமாக 45ஆம் நாள் கொடுப்பவருக்கு 45 என்றே போட வேண்டும். வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிற ஆர்டருக்கு அங்கே இடமே இல்லை. செலவில் மறந்துபோவது ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் காப்பீடும், காலாண்டு வரியும். இன்னொன்று கடனின் அசல். லாப நட்டக் கணக்கில் அது செலவாகத் தெரியாது, ஆனால் கல்லாவிலிருந்து போய்விடும். லாபம் காட்டுகிற தொழிலே சம்பளத்துக்குத் திண்டாடுவது இதனாலும், சரக்கிலும் வெளியிலிருந்து வர வேண்டிய பாக்கியிலும் பணம் முடங்குவதாலும்தான்.

எல்லாம் எழுதி முடித்து 6ஆம் வாரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இங்கதான் இடிக்குது. மத்ததெல்லாம் தாங்கும்." அதுவரை 'எல்லாம் போச்சு' என்று இருந்தது, அந்த ஒரு வட்டத்துக்குள் வந்து நின்றது. எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிட்டால், யாரிடம் எதைக் கேட்பது என்பதும் தெரிந்துவிடுகிறது. கெடுவுக்கு முன்பே போய்த் தேதி சொல்லிக் கேட்பவருக்கு மரியாதை இருக்கும். கெடு தாண்டியும் போனை எடுக்காதவருக்கு அது இருக்காது.

யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கொடுத்துவிடுகிறோம். அது தப்பு என்றார். முதலில் சம்பளம். அடுத்து, பிறரிடம் வசூலித்து வைத்திருக்கும் வரி. அது நம் பணமே இல்லை. பிறகு, எது நின்றால் வேலையே நிற்குமோ அந்தச் சரக்கு. மற்றவர்களுக்குக் கொஞ்சமானாலும் சொன்ன தேதியில். தங்களுக்கு நாங்கள் தர வேண்டிய பாக்கியை, தம் முதலாளியிடம் போனில் கேட்டுக்கொண்டு, 8ஆம் வாரத்திலிருந்து மூன்று பங்காக அவரே எழுதினார்.

பிறகு செலவுப் பகுதியில் இன்னொரு வரி சேர்த்து, 'வீடு' என்று எழுதினார். அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வாரத்துக்கு ஒரே தொகை, ஒரே நாளில். தேவைப்பட்டபோதெல்லாம் கல்லாவில் கை வைத்தால் தொழில் கணக்கும் பொய், வீட்டுக் கணக்கும் பொய். வாரத்தில் ஒருநாள் அரை மணி நேரம் தாளை நடுவில் வைத்துப் பேசச் சொன்னார். சாப்பிடும்போது வேண்டாம், தூங்கப் போகும்போது வேண்டவே வேண்டாம். பிள்ளைகளுக்கு எண்கள் தேவையில்லை. எது மாறும், எது மாறாது என்று இரண்டு வாக்கியம் போதும். ஒன்றும் சொல்லாமல் விட்டால், தங்களால்தான் இப்படி ஆயிற்று என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இந்த ஒன்றைச் சொன்னதற்காகவே உங்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது ஐயா.

இனி எங்களுக்குத் தர வேண்டியவர் யாராவது திணறினால், எங்களிடமிருந்து போகிறவரும் தாளும் பென்சிலுமாகத்தான் போவார்.

வாரக் கடைசியில் நடந்ததை நினைத்ததன் பக்கத்தில் எழுதுகிறோம். முடிந்த கட்டத்தை அடித்துவிட்டு, கடைசியில் புதிதாக ஒன்று சேர்க்கிறோம். உங்கள் மூன்றாவது பங்கு 10ஆம் வாரத்தில் இருக்கிறது ஐயா. அதை மட்டும் பேனாவில் எழுதியிருக்கிறோம்.