சந்தை விலை முழு இழப்பீடு ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத் திட்டங்களுக்காக உரிமையாளர் விரும்பாவிட்டாலும் அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளும் நில எடுப்பு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், ‘சந்தை விலையைக் கொடுத்துவிட்ட பிறகு என்ன குறை?’ என்ற கேள்வியும் தவறாமல் எழுகிறது. அந்தக் கேள்வியில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அரசுக்கு இந்த அதிகாரமே கூடாது என்பது என் வாதமன்று. நூறு பேரின் நிலங்கள் வழியாகப் போக வேண்டிய ஒரு சாலைக்குத் தொண்ணூற்றொன்பது பேர் நிலம் கொடுத்துவிட்டால், நூறாவது ஆள் சொல்வதுதான் விலை. இதை அறிந்த யாரும் முதலில் கையெழுத்திட வரமாட்டார்கள். எல்லோரும் கடைசி ஆளாக இருக்கவே விரும்புவார்கள். ஜப்பானின் நரிதா விமான நிலையத்தில் உழவர்கள் சிலர் நிலத்தை விட மறுத்ததால், 2,500 மீட்டருக்குத் திட்டமிடப்பட்ட இரண்டாவது ஓடுபாதை 2002-இல் 2,180 மீட்டர் நீளத்துடன்தான் திறக்கப்பட்டது. ஆனால் அந்த உழவர்களை விலை ஏற்றப் பார்த்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பெருந்தொகை தந்தாலும் மண்ணை விடமாட்டோம் என்று நின்றவர்கள் அவர்களில் உண்டு.

பிழை இருப்பது இங்கேதான். சந்தை விலை என்பது, விற்க மனமுள்ளவர்கள் விற்ற விலை. அதே விலை கிடைக்கும் என்று தெரிந்தும் ஒருவர் இதுவரை விற்கவில்லை என்றால், அவருக்கு அந்த நிலம் அதைவிடக் கூடுதல் மதிப்புடையது என்றே பொருள். ஆகவே, விற்க விரும்பாதவரிடம் சந்தை விலைக்கு வாங்குவது அவரை இழப்பில்தான் விடும். நம் சட்டமே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது: வற்புறுத்தி எடுப்பதற்காக 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் சந்தை மதிப்புக்கு மேல் 15 சதவீதம் ஆறுதல் தொகை வழங்கியது; அது 1984-இல் 30 சதவீதமாகவும், 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 100 சதவீதமாகவும் உயர்ந்தது. தொகையை இரட்டிப்பாக்கிவிட்டார்களே என்று தோன்றும். முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்துவதற்காகப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதும் வழக்கம் நீடிக்கும்வரை, அந்தப் பத்திரங்களை வைத்துக் கணக்கிட்ட மதிப்பை இரட்டிப்பாக்கினாலும் உண்மை விலையை எட்டிவிட்டோம் என்று சொல்ல முடியாது.

இழப்பீடு குறைந்தால் பொதுப் பணம் மிச்சம் என்று கருதுவோரும் உண்டு. உண்மையில் மிச்சம் எதுவும் இல்லை. செலவு அரசின் கணக்கிலிருந்து நில உரிமையாளரின் தலைக்கு மாறுகிறது, அவ்வளவே. அரசு தன் கையைவிட்டுப் போகும் பணத்தை மட்டுமே செலவாகக் காண்பதால், மலிவாகக் கிடைக்கும் நிலத்தைத் தேவைக்கு மேல் எடுத்துக் கிடப்பில் போடுகிறது. அமெரிக்காவின் நியூ லண்டன் நகரில் ஒரு மேம்பாட்டுத் திட்டத்துக்காகக் குடியிருப்புகளை எடுத்தது செல்லும் என்று 2005-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. திட்டம் நிறைவேறவில்லை; வீடுகள் இருந்த இடம் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எதைக் கட்டினாலும் முழு ஈடு உறுதி என்றால், எடுக்கப்படப்போகும் நிலத்தில்கூடச் சிலர் கட்டடம் எழுப்புவார்கள் என்று பொருளியலாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள். மதிப்பிடும் நாளை முன்கூட்டியே நிர்ணயித்தால் இது பெருமளவு கட்டுப்படும். நகர விரிவாக்கத்துக்கு வேறொரு வழியும் உண்டு. நிலங்களை ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கும் பூங்காவுக்கும் வேண்டியதை ஒதுக்கி, மீதியைச் சிறிய, ஆனால் விலை உயர்ந்த மனைகளாக உரிமையாளர்களுக்கே திருப்பித் தரும் இந்த முறைக்கு, ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகருக்கென 1902-லேயே சட்டம் இயற்றப்பட்டது. அணை கட்டுவதற்கு இது உதவாது. தண்ணீரில் மூழ்கும் நிலத்தில் திருப்பித் தர என்ன இருக்கிறது?

நம் நாட்டில் உடனே செய்யக்கூடிய திருத்தம் ஒன்று உண்டு. எடுத்த நிலம் ஐந்தாண்டு பயன்படுத்தப்படாமல் கிடந்தால், அதை உரிமையாளருக்கோ வாரிசுக்கோ, ‘அல்லது’ அரசின் நில வங்கிக்கோ (பயன்படாத அரசு நிலங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பு) திருப்ப வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 101-ஆவது பிரிவு. அந்த ‘அல்லது’ இருக்கும்வரை, தேவைக்கு மேல் எடுத்த நிலத்தை அரசு தன்னிடமே திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம். முதல் உரிமை பழைய உரிமையாளருக்கே, அவர் வேண்டாம் என்றால் மட்டுமே நில வங்கிக்கு என்று அப்பிரிவைத் திருத்தி எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்